காதோரம் ஒரு கதிர்வீச்சு!

1.6 என்ற எண்ணும் உங்க செல்போனும்

முதல்ல உங்களுக்கு ஒரு குட்டி வேலை. செல்போனை எடுங்க. நம்பர் அடிக்கிற இடத்துல *#07# என்று தட்டுங்க. பச்சை பட்டனை அமுக்க வேண்டாம். பெரும்பாலான போன்களில் தானாகவே ஒரு திரை வந்து நிற்கும். அதில் தலைக்கு ஓர் எண், உடம்புக்கு ஓர் எண். 0.6, 0.9, 1.1 என்று ஏதாவது இருக்கும். பக்கத்தில் 'வாட்/கிலோ' என்று ஓர் அலகு.

பார்த்தாச்சா? இப்போ பக்கத்து பெஞ்ச் பார்ட்டியின் போனிலும் தட்டிப் பாருங்க. உங்களுக்கு 1.1, அவருக்கு 0.6 என்று வந்தால், "மச்சி, உன் போன் சேஃப்டா, என் போன்தான் மூளையை அவிச்சுட்டிருக்கு" என்று அலற வேண்டாம். அந்த எண் சொல்ற சேதி அது கிடையாது.

அது என்ன சொல்லுது, என்ன சொல்லலைன்னு தெரிஞ்சுக்கிட்டா ரெண்டு லாபம். 'செல்போன்னாலே கேன்சர்' என்று பயமுறுத்தி ஸ்டிக்கர் விற்கிறவர்கிட்ட ஏமாற மாட்டீங்க. 'அதெல்லாம் சும்மா, ஒண்ணுமே யோசிக்காதே' என்று தோளைத் தட்டுறவர்கிட்டயும் ஏமாற மாட்டீங்க. வாங்க, ஒரு ரவுண்டு போய் வரலாம். ஃபார்முலா கம்மிதான், பயப்படாதீங்க!

முரட்டு அண்ணனும் சோப்ளாங்கி தம்பியும்

'கதிர்வீச்சு'ன்னு சொன்னதுமே நமக்கு ஹிரோஷிமாவும் செர்னோபிலும் ஞாபகம் வந்துடும். ஆனா, இயற்பியல் கணக்குப்படி டியூப்லைட் வெளிச்சமும் கதிர்வீச்சுதான். ரேடியோ அலை, வெளிச்சம், எக்ஸ்ரே எல்லாம் ஒரே குடும்பத்து மின்காந்த அலைகள். குணம்தான் வேற வேற.

எக்ஸ்ரேயும் காமா கதிரும் அந்தக் குடும்பத்து முரட்டு அண்ணன்கள். அவங்களோட ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் அணுவிலிருந்து எலெக்ட்ரானைத் தட்டிவிடுகிற தெம்பு உண்டு. டி.என்.ஏ-வையே உடைச்சுப்போடும். அதுக்கு சுமார் 10 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேணும். செல்போன் பயன்படுத்துகிற 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு ஃபோட்டான்ல இருக்கிற ஆற்றல் எவ்வளவு தெரியுமா? 0.0000074 எலெக்ட்ரான் வோல்ட்! பச்சை வெளிச்சத்தின் ஃபோட்டான்லயே 2.3 இருக்கு. அதாவது செல்போன் அலை, சாதாரண வெளிச்சத்தைவிட சுமார் மூணு லட்சம் மடங்கு சோப்ளாங்கி.

'சோப்ளாங்கிதான், ஆனா கோடிக்கணக்குல வருதே?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மாங்காய் அடிக்கப் போறீங்க. ஒரு கல் போதும், விழுந்துடும். கல்லுக்குப் பதிலா பஞ்சு உருண்டையை ஆயிரம் தடவை எறிங்க. மாங்காய் ஆடக்கூட ஆடாது. டி.என்.ஏ-வை நேரடியாக உடைக்கிற விஷயத்துல செல்போன் அலை அந்தப் பஞ்சு உருண்டை மாதிரிதான்.

அப்போ அது ஒண்ணுமே செய்யாதா? செய்யும். சூடாக்கும். உடம்பில் இருக்கிற தண்ணீர் மூலக்கூறுகளை ஆட்டிவிடும், அந்த ஆட்டம் வெப்பமா மாறும். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்யறதும் இதே தத்துவத்தில்தான். ஆனா, அடுப்பில் 700, 800 வாட்டை ஒரு இரும்புப் பெட்டிக்குள் அடைச்சு வெச்சிருக்காங்க. உங்க 4ஜி போன் மூச்சுப்பிடிச்சு கத்தினாலே அதிகபட்சம் சுமார் 0.2 வாட்தான்.

2008-ல் ஒரு வீடியோ உலகம் முழுக்க ஓடுச்சு. மேஜை மேல் சோளம், சுற்றி நாலு செல்போன், எல்லாம் ஒரே நேரத்தில் மணியடிக்க... டப்பு டப்புன்னு பாப்கார்ன் வெடிக்கும்! லட்சக்கணக்கானவங்க நம்பினாங்க. கடைசியில் பார்த்தா அது ஒரு ப்ளூடூத் ஹெட்செட் கம்பெனியின் விளம்பரம். சோளம் பொரிய சுமார் 180 டிகிரி சூடு வேணும் பாஸ். போன் அந்த சூட்டுக்குப் போனா, பாப்கார்னுக்கு முன்னாடி உங்க கைதான் பொரியும்.

எஸ்.ஏ.ஆர். என்றால்?

*#07# அடிச்சப்போ வந்த எண்ணின் பேர் எஸ்.ஏ.ஆர். நம்ம உடம்பின் ஒரு கிலோ திசு, ஒரு நொடியில் எத்தனை ஜூல் ரேடியோ ஆற்றலை உறிஞ்சுது என்கிற கணக்கு. இந்தியாவில் விற்கிற போனுக்கு உச்ச வரம்பு 1.6 வாட்/கிலோ.

1.6 என்றால் எவ்வளவு சூடு? இன்ஜினீயரிங் படிக்கிற பாவத்துக்கு ஒரு கணக்காவது போடணும் இல்லையா? ஒரு கிலோ திசுவை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 3,600 ஜூல் தேவை. நொடிக்கு 1.6 ஜூல் போனால், 2,250 நொடி ஆகும். அதாவது 37 நிமிஷத்துக்கு மேல். இதுவும் ரத்த ஓட்டமே இல்லாத, வெப்பம் எங்கேயும் கசியாத திசுவுக்கு! நிஜத்தில் ரத்தம் ரேடியேட்டர் தண்ணீர் மாதிரி ஓடி அந்தச் சூட்டை அள்ளிக்கிட்டுப் போயிடும். ராத்திரி ரெண்டு மணி நேரம் கடலை போட்டால் காது சூடாகுதே என்றால், அதில் பெரும்பங்கு பேட்டரி சூடும், காதை அழுத்தி மூடின சூடும்தான்.

இந்த 1.6-ஐ யார் போட்டது?

விலங்குகளை வெச்சு செய்த சோதனைகளில் ஒரு விஷயம் தெரிஞ்சுது. உடம்பு முழுக்க சராசரியாக கிலோவுக்கு 4 வாட் அளவில் உறிஞ்சினால், உடல் வெப்பம் ஏறுது, பழக்கிவெச்ச வேலையை விலங்குகள் சரியாகச் செய்யறதில்லை. அதைத்தான் அபாயத்தின் வாசல் என்று எடுத்துக்கிட்டாங்க. அதில் பத்தில் ஒரு பங்கு, 0.4. இது டவரில் ஏறி வேலை செய்கிற தொழிலாளர்களுக்கு. அதையும் ஐந்தால் வகுத்து 0.08. இது பொதுமக்களுக்கு. ஆக, வாசலிலிருந்து 50 மடங்கு தள்ளிக் கோடு போட்டிருக்காங்க.

ஆனா, போன் உடம்பு முழுக்க ஒரே சீராகப் படாது. காதோரம் மட்டும் அதிகம் படும். ஓர் இடத்தில் படுவது சராசரியைவிட 20 மடங்கு வரை இருக்கலாம் என்று கணக்கு வெச்சாங்க. 0.08-ஐ 20-ஆல் பெருக்குங்க. வந்துச்சா 1.6? அமெரிக்காவின் எஃப்.சி.சி. 1996-ல் இதைத்தான் விதியாக்குச்சு.

ஐரோப்பா வேற வழியில் போச்சு. 'இக்னிர்ப்' என்கிற சர்வதேச அமைப்பின் வழிகாட்டுதல்படி, அங்கே தலைக்கும் உடம்புக்கும் வரம்பு 2 வாட்/கிலோ. 'பரவாயில்லையே, 1.6-க்கும் 2-க்கும் சின்ன வித்தியாசம்தானே' என்று நினைச்சா அங்கேதான் ட்விஸ்ட். அமெரிக்கா 1 கிராம் திசுவில் சராசரி பார்க்குது. ஐரோப்பா 10 கிராமில் பார்க்குது.

இது நம்ம மார்க் ஷீட் கதைதான். ஒரு பேப்பரில் 90, இன்னொரு பேப்பரில் 30 எடுத்தால் சராசரி 60. பாஸ் மாதிரி தெரியும். ஒவ்வொரு பேப்பராகப் பார்த்தா? ஒரு அரியர்! பெரிய கட்டியில் சராசரி எடுத்தால் ஓர் ஓரத்தில் இருக்கிற உச்சம் அமுங்கிடும். சின்னக் கட்டியில் எடுத்தால் மாட்டிக்கும். அதனால் 1 கிராமுக்கு 1.6 என்பது, 10 கிராமுக்கு 2 என்பதைவிட நல்லாவே கறார்.

இந்தியா 2008-ல் ஐரோப்பிய வழியை எடுத்துது. மத்திய அரசின் பல துறைகள் சேர்ந்த குழு ஒன்று 2010-ல் அமைக்கப்பட்டு, அது பரிந்துரை செய்த பிறகு, 2012 செப்டம்பர் 1 முதல் 1 கிராமுக்கு 1.6 என்கிற கறாரான கோட்டுக்கு மாறுச்சு.

மண்டைக்குள் ஜீரா!

சரி, உயிரோட இருக்கிறவர் தலைக்குள் தெர்மாமீட்டர் சொருகவா முடியும்? அதுக்காக ஒரு பொம்மைத் தலை வெச்சிருக்காங்க. பேர் 'சாம்'. அமெரிக்க ராணுவ வீரர்களின் தலை அளவுகளை வெச்சு செய்தது. பெரிய தலை! ஓடு மாதிரி இருக்கிற அந்தத் தலைக்குள் மூளையின் மின்குணத்துக்கு ஒத்துப்போகிற திரவத்தை ஊத்துவாங்க. அதிர்வெண்ணுக்கு ஏத்த மாதிரி கலவை மாறும். 900 மெகாஹெர்ட்ஸுக்கு வழக்கமாகப் பயன்பட்ட ஒரு செய்முறையில் இருக்கிறது தண்ணீர், நிறைய சர்க்கரை, கொஞ்சம் உப்பு. கிட்டத்தட்ட குலாப் ஜாமூன் ஜீரா!

பொம்மையின் கன்னத்தில் போனை ஒட்டவெச்சு, அதிகபட்ச சக்தியில் ஓடவிடுவாங்க. ஒரு ரோபோ கை மெல்லிய ஊசி மாதிரியான கருவியைத் திரவத்துக்குள் இஞ்ச் இஞ்சா நகர்த்தி அளக்கும். எல்லா அலைவரிசையிலும், இரண்டு கன்னத்திலும் அளந்து, இருக்கிறதிலேயே மோசமான எண் எதுவோ அதைத்தான் அறிவிப்பாங்க. உங்க திரையில் வந்தது அந்த எண்.

விமர்சனமும் உண்டு. 'ராணுவ வீரர் தலை சரி, எட்டு வயசுக் குழந்தையின் தலை?' என்று கேட்கிறாங்க. குழந்தையின் மண்டை ஓடு மெல்லியது, சில இடங்களில் அதிகம் உறிஞ்சலாம் என்பது நியாயமான கேள்வி. 'பொம்மையில் ஒரே திரவம்தான், அது நிஜத் தலையைவிடப் பொதுவாக அதிகமாத்தான் காட்டும்' என்பது எதிர்தரப்பு பதில். ரெண்டு பேரும் ஒத்துக்கிற விஷயம் ஒண்ணு... அளக்கிறது உங்களை இல்லை, பொம்மையை!

இது ரேங்க் லிஸ்ட் இல்லை

இப்போ மெயின் மேட்டருக்கு வர்றோம். திரையில் வந்த எண், போன் உச்சக் குரலில் கத்தும்போது எடுத்தது. ஆனா, போன் எப்பவும் கத்தறதில்லை. கிளாஸில் பக்கத்தில் இருக்கிறவன்கிட்ட கிசுகிசுக்கிறோம், கிரவுண்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனைத் தொண்டை கிழியக் கூப்பிடறோம் இல்லையா? போனும் அப்படித்தான். டவர் பக்கத்தில் இருந்தா கிசுகிசு. தூரத்தில் இருந்தா கத்தல். டவரே 'போதும், குறைச்சுக்கோ', 'கேட்கலை, சத்தமாப் பேசு' என்று போனுக்கு உத்தரவு போட்டுக்கிட்டே இருக்கும்.

பழைய 2ஜி போனில் 900 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 3 மில்லிவாட்டிலிருந்து 2 வாட் வரை. அறுநூறு மடங்கு வித்தியாசம்! 3ஜி, 4ஜி-யில் உச்சமும் குறைவு, கட்டுப்பாடும் நுணுக்கம்.

இப்போ கணக்கு போடுங்க. 1.1 போன் வெச்சிருக்கிற நீங்க, ஃபுல் சிக்னலில் மொட்டை மாடியில் நின்னு பேசறீங்க. 0.6 போன் வெச்சிருக்கிற நண்பர், ஒரே ஒரு கோடு சிக்னலோட ஓடற ரயிலுக்குள் காதில் ஒட்டிவெச்சுப் பேசறார். யாருக்கு அதிகம் படும்? சந்தேகமே வேண்டாம், பெரும்பாலும் அவருக்குத்தான். 1.1-க்கும் 0.6-க்கும் வித்தியாசம் இரண்டு மடங்குகூட இல்லை. சிக்னல் செய்கிற வித்தியாசம் நூற்றுக்கணக்கான மடங்கு.

ஸோ, போன் வாங்கும்போது அந்த எண்ணைப் பாருங்க. 1.6-க்குள் இருக்கா? ஓகே. அதுக்கு மேல் 0.9-க்கும் 1.1-க்கும் ஆராய்ச்சி செய்யறது வேஸ்ட். தினமும் உங்க தலைக்கு வந்து சேர்வதைத் தீர்மானிக்கிறது வேற மூணு பேர்: சிக்னல், தூரம், நேரம்.

டவரை விரட்டினா?

நம்ம தெருக்களில் அடிக்கடி நடக்கிற கூத்து இது. 'டவர் வேண்டாம்' என்று ஊரே சேர்ந்து மனு கொடுக்கும். மனுவுக்கு ஆள் திரட்டறது? செல்போனில்தான்!

கிண்டல் பண்ணலை, பயம் புரியுது. ஆனா, கணக்கு என்ன சொல்லுதுன்னு பார்க்கணும். டவர் ஆன்டெனா சக்தி அதிகம்தான். ஆனா, அது உயரத்தில், தூரத்தில் இருக்கு. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானா, வந்து சேர்கிற சக்தி நாலில் ஒரு பங்காகும். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட குறிப்பில், மக்கள் நடமாடும் இடங்களில் டவரிலிருந்து வருவது சர்வதேச வரம்பில் 0.002 முதல் 2 சதவிகிதம் வரைதான் என்று சொல்லியிருக்கு. இந்தியா 2012-ல் டவர்களுக்கான வரம்பை அந்த சர்வதேச அளவிலும் பத்தில் ஒரு பங்காகக் குறைச்சுது.

போன் உங்க காதில் இருக்கு, டவர் எங்கேயோ இருக்கு. டவரை இரண்டு கிலோமீட்டர் தள்ளி விரட்டினா, உங்க தெருவில் இருக்கிற அத்தனை போனும் தொண்டை கிழியக் கத்த ஆரம்பிக்கும். டவரிலிருந்து வந்த துளியைக் குறைக்கப் போய், காதோரம் வர்றதைக் கூட்டிக்கிற கதை!

அதுக்காக டவர் கம்பெனி சொல்றதைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பணுமா? வேண்டாம். ஆன்டெனாவுக்கு நேர் எதிரில், சில மீட்டர் தூரத்தில், அதே உயரத்தில் பால்கனி இருந்தா அளந்து பார்க்கச் சொல்றது உங்க உரிமை. தொலைத்தொடர்புத் துறை 2017-ல் தொடங்கின 'தரங் சஞ்சார்' இணையதளம் இதுக்காகத்தான். தொடங்கும்போது அளவீட்டுக்கு அறிவிச்ச கட்டணம் 4,000 ரூபாய். தெருவில் 40 வீடு இருந்தா தலைக்கு நூறு ரூபாய். கோஷம் போடறதைவிட இது பவர்ஃபுல்!

'2.0' படத்தைப் பார்த்துட்டு சிட்டுக்குருவிக்காக அழுதவங்க நம்மில் நிறையப் பேர். 2018-ல் அந்தப் படம் வர்றதுக்கு முன்னாடியே, 'ஆதாரமில்லாமப் பயமுறுத்துறாங்க' என்று செல்போன் கம்பெனிகளின் சங்கம் தணிக்கை வாரியத்தில் புகார் கொடுத்துது. குருவிகளின் நிலைமை? 2020-ல் வெளியான இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் கடந்த 25 வருஷத்தில் சிட்டுக்குருவி பெரிய அளவில் குறையலை, சென்னை மாதிரியான பெருநகரங்களில்தான் குறைஞ்சிருக்கு என்று சொல்லுது. டவர்தான் காரணம் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை என்றும் சொல்லுது. கூடு கட்ட ஓட்டு வீடு இல்லை, குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி இல்லை... குருவி வேற எங்கே போகும்?

அந்தக் கேள்வி... கேன்சர் வருமா?

எல்லாரும் கேட்க நினைக்கிறது இதுதான். நேராவே பேசிடலாம்.

2011 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ரேடியோ அலைகளை '2பி' பட்டியலில் சேர்த்துது. அதுக்கு அர்த்தம், 'புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சாத்தியம் இருக்கலாம், ஆதாரம் போதாது'. அதே பட்டியலில் கற்றாழை முழு இலைச் சாறும், ஆசியாவின் பாரம்பரியக் காய்கறி ஊறுகாயும் இருக்கு. பயமுறுத்துகிற மெசேஜ்களில் '2பி' வரும், ஊறுகாய் வராது!

அந்த முடிவுக்கு ஒரு முக்கியக் காரணம், 13 நாடுகளில் நடந்து 2010-ல் வெளியான 'இன்டர்ஃபோன்' ஆய்வு. மொத்தத்தில் பார்த்தா ஆபத்து கூடலை. ஆனா, 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசினதாகச் சொன்ன குரூப்பில் மட்டும் க்ளையோமா என்கிற மூளைக்கட்டி 40 சதவிகிதம் கூடுதலாகத் தெரிஞ்சுது. 1,640 மணி நேரம் என்பது பத்து வருஷத்துக்கு தினம் 27 நிமிஷம். நாம அசால்ட்டா தாண்டற கணக்கு! ஆனா, நோய் வந்தவங்க 'நான் இவ்வளவு பேசினேன்' என்று ஞாபகத்திலிருந்து சொன்ன கணக்கு அது. பத்து வருஷத்துக்கு முன்னாடி எத்தனை நிமிஷம் பேசினீங்கன்னு உங்களைக் கேட்டா? அந்த மாதிரி பிழைகள் இருப்பதால் இதை வெச்சுக் காரணம் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்களே எழுதினாங்க.

2018-ல் அமெரிக்க அரசின் நச்சியல் திட்டம் எலிகளை வெச்சு செய்த ஆய்வை வெளியிட்டுது. தினமும் 9 மணி நேரம், உடம்பு முழுக்க, இரண்டு வருஷம். ஆண் எலிகளின் இதயத்தில் ஒரு வகைக் கட்டிக்குத் தெளிவான ஆதாரம் கிடைச்சுது. பெண் எலிகளில் அப்படி இல்லை. இன்னும் ஒரு குழப்பம், அலை பட்ட ஆண் எலிகள் படாத எலிகளைவிட அதிக நாள் வாழ்ந்தன!

அப்புறம் 2024. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில், 1994 முதல் 2022 வரை வந்த 63 ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க. பத்து வருஷத்துக்கு மேல் பயன்படுத்தினவங்களிடமும் மூளைப் புற்றுநோய் கூடினதாகத் தெரியலை. செல்போன் கோடிக்கணக்கில் பெருகின அளவுக்கு மூளைக்கட்டி பெருகவும் இல்லை.

ஆக, இன்றைய தேதிக்கு ஆதாரம் 'பயப்பட வேண்டாம்' பக்கம் நல்லாவே சாஞ்சிருக்கு. கதவை இழுத்து மூடிட்டாங்களா? இல்லை. குழந்தைப் பருவத்திலிருந்தே போனோட வளர்கிற தலைமுறை இப்போதான் முதல் தடவையா பெரியவங்க ஆகுது. அதனால் ஆராய்ச்சி தொடரணும்.

பிரான்ஸ் கொடுத்த ஷாக்

'அப்போ வரம்பு இருக்கு, கம்பெனி பார்த்துக்கும், நாம தூங்கலாம்' என்கிறீங்களா? 2023 செப்டம்பர் 12-க்குப் போகலாம். பிரான்ஸின் அலைவரிசைக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஐபோன் 12 விற்பனையை நிறுத்தச் சொல்லிடுச்சு!

என்ன ஆச்சுன்னா, கடைகளிலிருந்து 141 போன்களை எடுத்து சோதிச்சாங்க. ஐபோன் 12, தலைக்கும் உடம்புக்குமான சோதனையில் பாஸ். ஆனா, கையில் பிடிச்சிருக்கிற, பேன்ட் பாக்கெட்டில் இருக்கிற நிலைக்கான 'கை கால்' சோதனையில் வரம்பு 4 வாட்/கிலோ, வந்தது 5.74. ஃபெயில்! 'இது பிரான்ஸின் குறிப்பிட்ட சோதனை முறையால் வந்த பிரச்னை, பாதுகாப்புப் பிரச்னை இல்லை' என்று ஆப்பிள் சொல்லுச்சு. ஆனாலும் சாஃப்ட்வேர் அப்டேட் கொடுக்க சம்மதிச்சு, அந்த அப்டேட் சோதிக்கப்பட்டு சரியாச்சு.

5.74-ஆல் யாருக்கும் கை வெந்துடலை. வரம்புக்கும் ஆபத்துக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி விட்டிருக்காங்க. ஆனா, அந்த போன் வந்தது 2020-ல். மாட்டினது 2023-ல். அதுவும் எப்படி? ஓர் அரசு அமைப்பு கடைக்குப் போய், போனை எடுத்து, தானே அளந்ததால்! வரம்பு எழுதிவைக்கிறது பாதி வேலை. யாராவது போய் அளக்கிறதுதான் மீதிப் பாதி.

அந்த வரம்பும் கல்வெட்டு இல்லை. 2021 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, '1996-ல் போட்ட வரம்பே இன்னும் போதும் என்றால், ஏன் போதும்னு சரியாக விளக்குங்க, குழந்தைகள் பற்றியும் சொல்லுங்க' என்று எஃப்.சி.சி-யைத் திருப்பி அனுப்புச்சு. வரம்பு தப்புன்னு நீதிமன்றம் சொல்லலை. விளக்கம் பத்தாதுன்னு சொல்லுச்சு. இன்டர்னல்ஸில் ஸ்டெப்ஸ் போடாம விடையை மட்டும் எழுதினா மார்க் போடுவாங்களா?

ஸ்டிக்கர் டகால்டி

'இந்த ஸ்டிக்கரை போன் பின்னாடி ஒட்டினா 99 சதவிகிதம் கதிர்வீச்சு காலி' என்று யாராவது வந்தா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க. '99 சதவிகிதம் காலின்னா, டவருக்கு எப்படி சிக்னல் போகும்?' நிஜமாவே தடுத்தா கால் கட் ஆகணும். கால் வேலை செய்யுதுன்னா ஸ்டிக்கர் தடுக்கலை. அரைகுறையாத் தடுத்தா? போன் இன்னும் சத்தமாகக் கத்தும். அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் இதைச் சொல்லியே மக்களை எச்சரிச்சிருக்கு.

இதைவிட செம காமெடி நெதர்லாந்தில். '5ஜி-யிலிருந்து காப்பாற்றும்' என்று விற்ற மாலை, கைவளை மாதிரி 10 பொருட்களை அணுசக்திப் பாதுகாப்பு அமைப்பு சோதிச்சு, 2021 டிசம்பரில் 'உடனே கழட்டி வைங்க' என்றது. ஏன்னா, அந்தப் பொருட்களே கதிரியக்கம் உள்ளவை! அதுவும் முரட்டு அண்ணன் ரகம். சோப்ளாங்கிக்கு பயந்து, ரவுடியைக் கழுத்தில் கட்டிக்கிட்ட கதை.

ஸோ, நாம என்ன பண்ணலாம்?

* ஒரே கோடு சிக்னலா? முக்கியமில்லாத காலை அப்புறம் பேசுங்க. லிஃப்ட், அண்டர்கிரவுண்ட் பார்க்கிங், ஓடற ரயில் எல்லாம் நீண்ட கடலைக்கு ஏற்ற இடங்கள் அல்ல.

* நீளமாப் பேசணுமா? ஹெட்செட் அல்லது ஸ்பீக்கர். தலைக்கும் போனுக்கும் நடுவே சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டாலே படுவது வெகுவாகக் குறையும். ப்ளூடூத் என்றால் பொதுவாக சில மில்லிவாட்தான்.

* தலையணைக்கு அடியில் போன் வேண்டாம். கதிர்வீச்சைவிட முதல் காரணம் உங்க தூக்கம். இரண்டாவது காரணம் பேட்டரி சூடு.

* வீட்டில் குட்டித் தம்பி தங்கை இருந்தா, பேசும்போது ஸ்பீக்கரில் போட்டுக் கொடுங்க. செலவில்லாத முன்ஜாக்கிரதை.

* தெருவோரத்தில் பில் இல்லாம, பிராண்ட் இல்லாம விற்கிற போனை வாங்கும்முன் *#07# அடிங்க. ஒண்ணுமே வரலைன்னா யோசிங்க.

* பைக் ஓட்டும்போது தோளுக்கும் காதுக்கும் நடுவே போனைச் சொருகிக்கிட்டுப் பேசற மகாராஜாக்களே... வண்டி ஓட்டிக்கிட்டே பேசினா விபத்து வாய்ப்பு சுமார் 4 மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். செல்போனால் வர்ற, நிரூபிக்கப்பட்ட ஆபத்து இதுதான். இதுக்கு 63 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை!

கடைசியா ஒரு விஷயம். அடுத்த தடவை ஊர்க் கூட்டத்தில் டவர் பிரச்னை வந்தாலோ, வாட்ஸ்அப்பில் 'அதிர்ச்சித் தகவல்' வந்தாலோ, அம்மா கவலையா போன் செய்தாலோ, சண்டைக்குப் போகாதீங்க. மூணே கேள்வி கேளுங்க. எவ்வளவு? எந்த வரம்போடு ஒப்பிட்டு? அளந்தது யார்? மூணுக்கும் பதில் இருந்தா உட்கார்ந்து பேசலாம். பதில் இல்லைன்னா, அது பயமுறுத்துகிற மெசேஜா இருந்தாலும் சரி, 'எல்லாம் சேஃப்' என்கிற விளம்பரமா இருந்தாலும் சரி, ஃபார்வேர்ட் பட்டனிலிருந்து கையை எடுத்துடுங்க!